தனி பீஸ் ரேட்டா, குழு பீஸ் ரேட்டா?

பீஸ் ரேட் என்றால் தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி. அதை ஆளாளுக்குத் தருவதா, லைன் (வரிசையாகத் தைக்கும் மெஷின்கள்) முடித்த மொத்தத்துக்குத் தந்து பிரிப்பதா? திருப்பூர் பனியன் லைன்களில் சூப்பர்வைசர்கள் தடுமாறும் இடம் இது.

வேகம்: தனி ரேட்டில் ஓவர்லாக் (துணிகளை இணைக்கும் மெஷின்) டெய்லர் பறப்பார், அடுத்திருக்கும் பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மெஷின்) முன்னால் பண்டல் குவியும். லைன் தருவதோ மெதுவான மெஷினின் அளவுதான். குழு ரேட்டில் ஓவர்லாக் டெய்லரே எழுந்துபோய்க் கைகொடுப்பார், இரண்டு மெஷினும் பழகியிருந்தால்.

தரம்: தனியில் தையல் விட்ட பீஸ் செக்கிங் வரை போய்த்தான் திரும்பும். குழுவில் அடுத்த மெஷினே பிடித்துவிடும்.

கணக்கு: தனிக்கு ஆளுக்கொரு நோட்டு. குழுவுக்கு ஒரே எண்ணிக்கை. ஆனால் லீவு போட்டவர் பங்கை எப்படிக் கழிப்பது என்று முதல் நாளே எழுதி ஒட்டாவிட்டால் சனிக்கிழமை சம்பளத்தில் சண்டைதான்.

காஜா, பட்டன் போன்ற ஒற்றை வேலைக்குத் தனி. ஒரே ஸ்டைல் பல நாள் ஓடும் 8–10 பேர் லைனுக்குக் குழு. அதற்கு மேல் ஆள் கூடினால் ஓபி அடிப்பவர் தெரியமாட்டார். சாம்பிளுக்கு இரண்டும் வேண்டாம், ஷிப்ட் சம்பளமே சரி.