சம்புத் தொட்டியா, டிரம்மா, கேனா? தண்ணீர் வராத நாளுக்கு எது உதவும்?

வேலூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றதும் கத்திரி வெயில்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு 2021 நவம்பர். தண்ணியில்லாத ஆறு என்று ஊரே கிண்டல் செய்யும் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. எங்கள் தெருக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

தரைக்கடியில் இருக்கும் சம்பு நிறையத் தண்ணீர் இருந்ததால் தைரியமாக இருந்தோம். கரண்ட் போனது, மோட்டார் ஓடவில்லை. சரி என்று வாளியில் கயிறு கட்டி இறைத்தால் முதல் வாளியிலேயே சாக்கடை வாடை. தெருத் தண்ணீர் மூடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. அவ்வளவு தண்ணீரும் கக்கூஸுக்குத்தான் ஆனது. அன்றிலிருந்து சம்பை நான் அவசரக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாடி டேங்க் இந்த விஷயத்தில் பரவாயில்லை, கரண்ட் இல்லாவிட்டாலும் தானே இறங்கும். மே மாதத்தில் மதியம் குழாயைத் திறந்தால் கை சுடும், அது வேறு கதை.

அப்புறம் 200 லிட்டர் நீல டிரம். நம் பக்கத்தில் இதில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. ஆசிட்டும் ரசாயனமும் வந்திறங்கும் டிரம்கள் பிறகு பழைய சாமான் கடைக்கு வரலாம். "நல்லா கழுவித்தான் வெச்சிருக்கேன் சார்" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். சிரித்தார். பிளாஸ்டிக் ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். காய்ச்சினால் கிருமி சாகும், ரசாயனம் போகாது. டிரம்தான் வேண்டும் என்றால் உணவுப் பொருளுக்கென்று செய்த புதிய டிரம், இறுக்கமான மூடி, அடியில் ஒரு குழாய். சொம்பை உள்ளே விட்டு மொண்டால் கை அழுக்கும் சேர்ந்தே இறங்கும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அந்த முட்டை டிரம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். நிறைந்த டிரம் 200 கிலோ, நகர்த்தவும் முடியாது.

என் ஓட்டு 20 லிட்டர் கேனுக்கு. நாலு பேர் குடிக்க, சோறு பொங்க ஒரு நாளைக்கு ஒரு கேன் போதும். வழக்கமாக வாங்குவதைவிட மூன்று கூடுதலாக வைத்தால் மூன்று நாள் ஓடும். வெயில் படாத மூலை வேண்டும், மொட்டை மாடி ஆகாது. பழையதை முதலில் எடுத்து, புதிதைப் பின்னால் தள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு கேனை ஆறு மாதம் மறந்துபோய், பாசி பிடித்த பிறகுதான் பார்த்தேன்.

கேனிலும் ஒரு குறை உண்டு, அதை அம்மாவால் தூக்க முடியாது. அதனால் பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் குடம், தட்டு மூடி. தினமும் ராத்திரி படுக்கும் முன் அம்மா அவற்றைக் கழுவி நிரப்பிவிடுவார்.