32 எஸ்பேட், ஒரு எஃப்பிஜிஏ: மூன்று ஆண்டு அனுபவம்

ஒற்றை ஃபோட்டானையும் எண்ணக்கூடிய 32 பிக்சல் வரிசை ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்து வேலை செய்கிறேன். பலகையை வடிவமைத்ததும் எங்கள் குழுதான். அதனால் நன்றாக வந்ததையும் உயிரை வாங்கியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சென்சார் சில்லில் எஸ்பேட் எனப்படும், ஒற்றை ஃபோட்டானையும் உணரும் டையோடுகளும், பெருகும் மின்னோட்டத்தை அடக்கும் தணிப்புச் சுற்றும் மட்டுமே உண்டு. முறிவு மின்னழுத்தத்துக்கு மேல் சில வோல்ட் ஏற்றி வைத்திருப்பதால், ஒரு ஃபோட்டான் விழுந்தாலே மின்னோட்டம் சட்டென்று பெருகி ஒரு துடிப்பு கிடைக்கும். அது எப்போது வந்தது என்று அளப்பது முழுக்க எஃப்பிஜிஏவின் (உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய தனிச் சில்லின்) வேலை. இதற்கு முன்மாதிரி, எதுவார்தோ சார்போனின் ஆய்வுக்குழுவினர் 2016இல் வெளியிட்ட லினோஸ்பேட் என்ற சென்சார் அமைப்பு. அதில் ஒரே வரிசையில் 256 பிக்சல்கள். நேரத்தை எண்ணாக மாற்றும் டிடிசி சுற்றுகள் 64உம் எஃப்பிஜிஏவுக்குள்ளேயே இருந்தன.

இப்படிப் பிரித்து வைத்ததுதான் எங்களை வாழவைத்தது. முதல் ஆண்டு ஒளிர்வு ஆயுட்காலம், அதாவது லேசர் பட்ட பொருளின் ஒளிர்வு எவ்வளவு விரைவாக மங்குகிறது என்பதை அளந்தோம். அடுத்த ஆண்டு லேசர் துடிப்பால் தூரம். இப்போது இரண்டு பிக்சல்களில் ஒரே நேரத்தில் விழும் ஃபோட்டான் ஜோடிகளை எண்ணுகிறோம். மூன்றுக்கும் அதே சென்சார், அதே பலகை. எஃப்பிஜிஏவில் ஏற்றும் சுற்றமைப்புக் கோப்பான பிட்ஸ்ட்ரீம் மட்டும் வேறு. நேரக் கணக்கைச் சென்சார் சில்லிலேயே பொறித்திருந்தால் ஒவ்வொரு முறையும் புதுச் சில்லு செய்யக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சரி, இதற்குக் கொடுத்த விலைக்கு வருவோம். எஃப்பிஜிஏவில் கூட்டல் கணக்குக்காக இருக்கும் கேரி செயினைத்தான் டிடிசியாகப் பயன்படுத்துகிறோம். துடிப்பு செயினில் ஓடும். அடுத்த கடிகாரத் தட்டு வரும்போது செயினில் எத்தனை டேப் (படி) கடந்திருக்கிறது என்று பார்ப்போம். எங்கள் கடிகாரம் 400 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்று 2.5 நானோ விநாடி. டேப் ஒன்றுக்குச் சராசரி 16 பிக்கோ விநாடி. ஆனால் இது வெறும் சராசரிதான். செயின் ஒரு கடிகாரப் பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாண்டும் இடத்தில் ஒரு பின் (bin, அதாவது ஒரு டேப்புக்கு உரிய நேரத் துண்டு) மட்டும் மற்றவற்றைப்போல் பல மடங்கு அகலமாக இருக்கும்.

இது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒளிர்வு வளைவில் ஒரு முள் தெரிந்தது. லென்ஸ் பிரதிபலிப்பு என்று நினைத்து இரண்டு வாரம் ஒளிப்பாதையைத் துடைத்தோம், சாய்த்தோம். ஒருநாள் ஹிஸ்டோகிராமை (எந்த நேரத்தில் எத்தனை துடிப்பு என்று காட்டும் வரைபடத்தை) பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சின்னச் சின்ன முட்கள் சீப்பின் பற்கள்போல நிற்பது தெரிந்தது. இடைவெளியை அளந்தேன்: சரியாக 2.5 நானோ விநாடி. லேசரை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். லேசர் இல்லாமலும் முட்கள் அப்படியே இருந்தன.

அந்த டார்ச்தான் இன்றுவரை எங்கள் அளவுத்திருத்தக் கருவி. பேட்டரி டார்ச்சின் முன்னால் வெள்ளைத்தாளை மடித்து வைத்தால் பிக்சலுக்கு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு வரும். இவை கடிகாரத்தோடு தொடர்பில்லாமல் வருவதால், அகலமான பின்னில் அதிகமாகவும் குறுகிய பின்னில் குறைவாகவும் விழும். பத்தே விநாடியில் 10 லட்சம் துடிப்பு. ஒவ்வொரு பின்னின் உண்மையான அகலமும் கிடைத்துவிடும். அந்த அகலங்களின் அட்டவணையை எஃப்பிஜிஏவின் நினைவகத்தில் ஏற்றினால் முட்கள் மறைந்துவிடும். இன்னொன்று: எஃப்பிஜிஏவின் நிரலை மறுபடி கம்பைல் செய்தால் பழைய அட்டவணை பொருந்தாது, ஏனென்றால் கம்பிகளின் பாதை மாறிவிடுகிறது. செயினின் இடத்தையும் உள்ளே வரும் பாதையையும் பூட்டி வைத்த பிறகுதான் நிம்மதி.

வெப்பம் தனிக் கதை. தூரம் அளந்துகொண்டிருந்த ஒரு மாலை, ஏசியை நிறுத்திய அரை மணி நேரத்தில் ஹிஸ்டோகிராமின் உச்சி 40 பிக்கோ விநாடி நகர்ந்தது. போய்த் திரும்பும் ஒளிக்கு அது 6 மில்லிமீட்டர். சுவர் அதே இடத்தில்தான் இருந்தது! இப்போது மணிக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் தானாக ஓடுகிறது. சூடு ஏறினால் டையோடுகளின் இருட்டு எண்ணிக்கையும் (ஒளியே இல்லாமல் வரும் துடிப்புகளும்) கூடும். 11ஆம் பிக்சல் எப்போதுமே மற்றவற்றைவிட ஐந்து மடங்கு சத்தம் போடும். அதை லாஜிக்கிலேயே மறைத்துவிடுகிறோம். ஒரு பிட் போதும்.

பின்துடிப்புகளுக்கும், அதாவது ஒரு துடிப்பைத் தொடர்ந்து டையோடு தானாக எழுப்பும் பொய்த் துடிப்புகளுக்கும், வழி கிடைத்தது. டையோடை மறுபடி தயார்செய்யும் சமிக்ஞை எஃப்பிஜிஏவிலிருந்து போவதால், காத்திருப்பு நேரத்தை 50இலிருந்து 150 நானோ விநாடியாக்க ஒரு ரிஜிஸ்டரை மாற்றினால் போதுமாக இருந்தது. பொய்த் துடிப்புகள் கண்ணெதிரே குறைந்தன. எண்ணும் வேகம் குறைந்ததுதான், ஆனால் ஜோடி எண்ணும் வேலைக்கு அது பரவாயில்லை.

புதிதாகச் செய்பவர்களுக்கு: பவர் சப்ளையின் பச்சை எல்இடியை முதலில் கறுப்பு டேப் போட்டு மூடுங்கள். பெட்டியின் மூடி இடுக்கு வழியே அந்த வெளிச்சம் கசிந்து எங்கள் முதல் மாத அளவீடுகளைக் கெடுத்தது. அப்புறம், லேசரின் தொடக்கச் சமிக்ஞையையும் மற்றவற்றைப் போன்றே ஒரு டிடிசி சேனல் வழியாகக் கொண்டுவாருங்கள். எங்கள் அடுத்த பலகையில் 33ஆவது சேனல் அதற்குத்தான்.