ரயில் சத்தம் இல்லாத பாட்டு: பழைய டேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வீட்டில் பழைய ஸ்பூல் டேப், அதாவது வட்டில் சுற்றிய ஒலிநாடா, வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பாவின் கச்சேரியோ, அம்மம்மாவின் தாலாட்டோ, கல்யாண வீட்டு நாதஸ்வரமோ, எதுவாக இருந்தாலும் சரி. கணினிக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடையில் அதைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரேயொரு டேப்பை நான் அப்படிக் கொடுத்துத்தான் இழந்தேன். கொழும்பில், காலி வீதிக்கு அண்மையில் உள்ள ஒரு கடை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இப்போது எழுதவில்லை.

அந்த டேப் என்ன என்று சொன்னால்தான் என் கோபம் விளங்கும். 1966 இல் எனக்கு 19 வயது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. நாங்கள் நாலு பேர் ஒரு பாண்ட் வைத்திருந்தோம். லீட் கிட்டார் கொட்டாஞ்சேனைப் பெடியன். பேஸ், கொம்பனித்தெரு மலாய் வீட்டுப் பிள்ளை. டிரம்ஸ், பம்பலப்பிட்டிப் பறங்கியர். நான் ரிதம் கிட்டார். வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு மொழி, வாசிக்க உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரே மொழி.

அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். வெளிநாட்டுக் கிட்டார் என்பது எங்களுக்குப் பத்திரிகைப் படம் மட்டும்தான். லீட் வாசித்த கிட்டாரைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தச்சர் பலாப் பலகையில் அறுத்துச் செய்தார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் மட்டும் கப்பலில் வேலை செய்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அம்ப்ளிஃபயர் கிடையாது. வால்வ் ரேடியோவின் பின்பக்கம் கிராமபோனுக்கென்று ஒரு துளை இருக்கும், அதில் கிட்டார் வயரைச் செருகுவோம். சத்தத்தைக் கூட்டினால் ரேடியோவின் முன்துணி படபடவென்று அடிக்கும். அந்தக் கரகரப்புத்தான் ரொக் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

பாட்டெல்லாம் இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் கேட்டுப் பிடித்தவை. ஒரு பாட்டு திரும்ப எப்போது போகும் என்று தெரியாது. ஆகவே ஆளுக்கொரு பகுதி: ஒருவன் வரிகளை எழுதுவான், ஒருவன் கோர்ட் பிடிப்பான், டிரம்ஸ்காரன் மேசையில் தட்டித் தட்டி மனதில் ஏற்றுவான். கோல் ஃபேஸ் ஹோட்டலின் கோகனட் குரோவில் ஜெட்லைனர்ஸ் குழு வாசிக்கும் இரவுகளில் உள்ளே போக எங்களிடம் காசு இருக்காது. காலி முகத்திடலின் அந்த முனையில், காற்று எங்கள் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து நின்று கேட்போம். தமிழில் பொப் பாட்டு என்று நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. நாங்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்ற பெடியன்கள். ஆனால் நன்றாக வாசித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ்காரனின் மாமா தன் கிரண்டிக் டேப் ரெக்கோர்டரை எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரே மைக். நாலு பேரும் அதைச் சுற்றி நின்று டேப்பின் இரண்டு பக்கமும் வாசித்தோம். அதில் இரண்டாவதாக ஷாடோஸ் குழுவின் 'அப்பாச்சி'. 1960 இல் வந்தது, அந்த நாளில் கிட்டார் பிடித்த ஒவ்வொருவனும் முதலில் பழகும் வாத்தியப் பாட்டு. பாதியில் கரையோரப் பாதையில் ரயில் வந்தது, கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின், ஹோர்ன் அடித்துக்கொண்டு. லீட் நிறுத்தப் பார்த்தான். டிரம்ஸ்காரன் நிறுத்தவில்லை, தண்டவாளம் தட்டும் தாளத்தோடு தன் அடியைச் சேர்த்துவிட்டான். ரயில் கடந்து முடியும்வரை மற்ற மூன்று பேரும் அவன் பின்னால் போனோம். அதைவிட நன்றாக நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை.

1983 ஜூலையில் அந்த வீடு எரிந்தது. கிட்டார்கள், படங்கள், என்னிடமிருந்த டேப்கள் எல்லாம் போயின. லீட் கனடா போனான், அங்கேயே காலமானான். பேஸ்காரனும் இல்லை. டிரம்ஸ்காரன் குடும்பத்தோடு 60களின் கடைசியிலேயே மெல்பேர்னுக்குப் போயிருந்தான். போன வருடம் அவன் மகள் கொழும்பு வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியை என் கையில் தந்தாள். 'அப்பா இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னவர், அங்கிள்' என்றாள். பெட்டி மூடியில் அவன் கையெழுத்தில் பாட்டுக்களின் பட்டியல். 'அப்பாச்சி'க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எஞ்சின் படம் வரைந்திருந்தான்.

கேட்க மெஷின் இல்லை. பேத்தி தேடிப் பார்த்து இந்தக் கடையைக் கண்டுபிடித்தாள். கவுண்டரிலிருந்து தெரியும்படி பெரிய ஸ்பூல் மெஷின் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முப்பதாயிரம் ரூபாய் பேசி, பதினெட்டாயிரம் முற்பணம் கட்டினேன். பற்றுச்சீட்டில் 'ஓடியோ வேலை 1' என்று மட்டும் எழுதினார்கள். பெட்டியைத் திறந்தபோது வினாகிரி வாசம் வந்தது. ஏன் என்று கேட்டேன். 'பழைய டேப் எல்லாம் அப்படித்தான் அங்கிள்' என்றார் அந்தத் தம்பி. அந்த வாசம்தான் எல்லாவற்றையும் சொல்லும் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வாரத்தில் வட்ஸ்அப்பில் நாலு நிமிட மாதிரி ஒன்று அனுப்பினார்கள். இயர்போனில் கேட்டேன். இடது காதில் நாங்கள்! 59 வருடத்துக்குப் பிறகு. ஆனால் வலது காதில் என்னவோ ஒரு சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவதுபோல. அழைத்துச் சொன்னேன். டேப் பழுதாகிவிட்டது, ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரிவரும், வெளிநாட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். சரி என்றேன். அந்த ஒரு 'சரி'யை நினைத்து இன்றைக்கும் நித்திரை வருவதில்லை.

பிறகு ஆறு வாரம் பதில் இல்லை. கடைசியில் ஒரு பென் டிரைவ் தந்தார்கள், மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து 'அப்பாச்சி'யைப் போட்டேன். மிகத் தெளிவு. தொடக்கத்திலேயே எனக்கு உறுத்தியது, கிட்டாரில் எக்கோ விழுகிறது. ஷாடோஸின் லீட் ஹாங்க் மார்வினுடைய கிட்டாரின் அழகே அந்த எக்கோதான், ஆனால் எங்களிடம் எக்கோ கருவி ஒருநாளும் இருந்ததில்லை. டேப்பைச் சுத்தம் செய்யும்போது ஏதும் சேர்த்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ரயில் வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. ரயில் வரவில்லை. பாட்டு வழுவழுவென்று முடிந்தது.

அது எங்கள் டேப்பே இல்லை. ஷாடோஸின் இசைத்தட்டு. இணையத்தில் யாரும் எடுக்கக்கூடியது. மற்றப் பாட்டுக்களும் அப்படியே: பெட்டி மூடியில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக இறக்கி, கொஞ்சம் இரைச்சலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதுக் கிழவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பேத்தியோடு போய் டேப்பைத் திருப்பிக் கேட்டேன். ஸ்பூல் வரவில்லை, ஒரு பொலித்தீன் பை வந்தது. அதற்குள் பிளேடால் சீவியதுபோல் துண்டு துண்டாக முறிந்து, ஓரம் சுருண்ட பழுப்பு நாடா. சில இடங்களைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டிப் பார்த்திருந்தார்கள், பசை அடுத்த சுற்றுகளில் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. முறிந்ததை மறைக்கத்தான் அந்த பென் டிரைவ்.

நடந்தது என்ன என்பதை, வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு நண்பர் அந்தப் பையைப் பார்த்ததுமே சொன்னார். 60கள் வரை வந்த டேப்களில் பல அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுற்றுகளுக்கு ஊடாக வெளிச்சம் தெரியும். பின்னால் வந்த பொலியெஸ்டர் பிளாஸ்டிக் என்றால் இருட்டாக இருக்கும். அசிட்டேட் கெடத் தொடங்கினால் வினாகிரி மணக்கும். சூடு காட்டுகிற வைத்தியம் 70களிலும் 80களிலும் வந்த சில பொலியெஸ்டர் டேப்களுக்கு உரியது. அவற்றின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், அதற்காக ஏறத்தாழ 54 பாகை செல்சியஸில் மணிக்கணக்காக உலர்த்துவார்கள். அசிட்டேட்டை அப்படிச் சூடாக்கினால் அது காய்ந்து சுருங்கி நொறுங்கும். ஆகவே கடைக்காரர் சூடு என்று வாயைத் திறந்தால், இது எந்த வகை டேப் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வலது காதுச் சத்தத்துக்கும் டேப் பழுது காரணமில்லை. கால் அங்குல நாடாவை அந்தக் கால வீட்டு ரெக்கோர்டர்கள் பல நீளவாக்கில் இரண்டு பாதையாகப் பிரித்துப் பதிந்தன. ஒரு பாதியில் முதல் பக்கம், ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் மறு பாதியில் இரண்டாம் பக்கம். பின்னால் வந்த வீட்டு ஸ்டீரியோ மெஷின்களில் பல நாலு பாதைக் கணக்கு. அதில் எங்கள் டேப்பை ஓட்டினால் ஒரு காதில் முதல் பக்கமும் மறு காதில் இரண்டாம் பக்கம் பின்னிருந்து முன்னாகவும் கேட்கும். மெஷின் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். டேப் கெடத் தொடங்கியிருந்தாலும் இன்னும் ஓடக்கூடியதாகத்தான் இருந்தது. இதைத் தெரியாதவர்கள்தான் அதை ஓவனில் வைத்தார்கள்.

கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். ஸ்பூல், பெட்டி, எழுத்து எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் டேப்பின் அளவு, மூடியில் உள்ள எழுத்து, செய்யப்போகும் வேலை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். 'ஓடியோ வேலை 1' என்பதை வைத்துக்கொண்டு நான் எதையும் நிரூபிக்க முடியாமல் நிற்கிறேன். பெட்டியில் பட்டியல் இருந்தால் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு ஸ்பூலை மட்டும் கொடுங்கள், பட்டியல் இல்லாதவன் பொய்ப் பாட்டு இறக்க முடியாது. முடிந்தால் பக்கத்தில் இருந்து ஓடவிடுங்கள். முதலில் எதுவும் சேர்க்காத, குறைக்காத வேவ் (WAV) கோப்பாக, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் கேளுங்கள். சுத்தம் செய்வது பிறகு.

ஏமாந்துவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். நான் அப்படி ஒரு மாதத்தைக் கடத்தினேன். காசு திரும்பி வருமோ தெரியாது, வந்தாலும் அந்த ரயில் வராது.

இன்னும் ஒன்று. கடை அனுப்பிய கெட்ட கோப்பையும் அழிக்காதீர்கள். அந்த நாலு நிமிட மாதிரியை நான் கோபத்தில் அழிக்கப் போனேன், பேத்திதான் தடுத்தாள். அது மட்டும் உண்மையான எங்கள் டேப். நண்பர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வலது காதை மட்டும் பிரித்து, பின்முன்னாகத் திருப்பினாள். மாதிரி முதல் பக்கத்தின் தொடக்கம், அப்படியானால் அது இரண்டாம் பக்கத்தின் கடைசி நாலு நிமிடம். லீட் பாடிக்கொண்டிருக்கிறான், தமிழில், ட்விஸ்ட் தாளத்துக்கு அவனே கட்டிய ஏதோ இரண்டு வரி. பாட்டு முடிகிறது, டிரம்ஸ்காரன் சிரிக்கிறான். யாரோ ஒரு கதிரையை இழுக்கிறார்கள். பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:

'தம்பிமார், தேத்தண்ணி ஆறுது. நிப்பாட்டிப்போட்டு வாங்கோ.'

அம்மா. டேப் அத்துடன் முடிகிறது. அவரின் படங்கள் எல்லாம் அந்த வீட்டோடு போய்விட்டன. குரல் எங்கேயும் பதிவாகியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.