ராத்திரி முழுக்க ஓடும் வேலைக்கு டாஸ்க் ஸ்பூலர்

ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு வேலையைப் பின்னணிக்கு அனுப்ப, கட்டளையின் வாலில் ஓர் ஆம்பர்சண்ட் (&) போட்டால் போதும். அனுப்பிய பிறகு அது முடிந்ததா, பாதியில் செத்ததா, இப்போது எத்தனை ஓடுகின்றன என்று கேட்டால்தான், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ் மழுப்பும். அந்த மழுப்பலுக்கு மாற்றாக நான் வைத்திருப்பது டாஸ்க் ஸ்பூலர். கொடுக்கும் வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். சி மொழியில் எழுதிய சின்ன நிரல், ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், காசு கிடையாது.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமை தீர்ந்த பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்களை, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற நிரல் வழியாக எழுத்தாக்குகிறேன். சம்பளம் இல்லாத வேலை. கைவசம் இருப்பது பழைய திங்க்பேட். நாலு கோர், எட்டு ஜிபி ராம். புத்தகங்கள் மொத்தமாக வந்து சேராது. சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு டிரைவ் லிங்க் போடுவார்கள்: "சார், தல புராணம் ஒண்ணு கிடைச்சிருக்கு, பாருங்க." ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். புதியதையும் உடனே ஓட விட்டால் இரண்டும் நொண்டும்.

பாஷ் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும், ஒரு எல்லை வரை. நாலைந்து வேலைகளை ஆம்பர்சண்டோடு கிளப்பி, கடைசியில் வெயிட் போடலாம்; அவை முடியும்வரை காத்திருக்கும் கட்டளை அது. ஆனால் வெறும் வெயிட், எந்த வேலை தோற்றாலும் பூஜ்ஜியத்தையே, அதாவது 'வெற்றி' என்பதையே, திருப்பித் தரும். பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் மைனஸ் ஈ' போட்டிருந்தாலும் பின்னணியில் தோற்றதை அது கண்டுகொள்ளாது. ஒவ்வொன்றின் பிராசஸ் எண்ணையும் பிடித்து வைத்து, தனித்தனியாக வெயிட் போட்டு, வெளியேறும் குறியீட்டை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) பார்க்க வேண்டும். பாஷ் 4.3 முதல் 'வெயிட் மைனஸ் என்' இருக்கிறது. எது முதலில் முடிகிறதோ அதற்காகக் காத்திருக்கும். மேக்கில் ஆப்பிள் தருவது இன்னும் பாஷ் 3.2 தான், அங்கே அதுவும் இல்லை. இவ்வளவும் ஒரே ஸ்கிரிப்டுக்குள் நடக்கிற கதை. இன்னொரு டெர்மினலிலிருந்து இன்னொரு வேலையை அதே வரிசையில் சேர்க்க பாஷில் வழியே கிடையாது.

டாஸ்க் ஸ்பூலர் தருவது அந்த வரிசையைத்தான். டெபியன், உபுண்டு ஆகிய இரண்டு லினக்ஸ்களிலும் 'டாஸ்க்-ஸ்பூலர்' என்ற பொதியாகக் கிடைக்கிறது. கட்டளையின் பெயர் மட்டும் டிஎஸ்பி (tsp). மூலப் பெயரான டிஎஸ், மோர்யூட்டில்ஸ் பொதியில் ஏற்கெனவே வேறொரு நிரலுக்குப் போய்விட்டது. வழக்கமான கட்டளைக்கு முன்னால் டிஎஸ்பி சேர்த்து அடித்தால் ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு டெர்மினலை உடனே விட்டுவிடும். வரிசையைப் பின்னணியில் கவனிக்கும் சர்வரைத் தனியாகக் கிளப்ப வேண்டாம், முதல் வேலையைப் போட்டதும் தானே எழுந்துகொள்ளும். எந்த டெர்மினலிலிருந்து போட்டாலும் ஒரே வரிசை. டெர்மினலை மூடினாலும் வேலை ஓடும், அதற்கென்று வழக்கமாகப் போடும் நோஹப் கட்டளை தேவையில்லை.

வெறும் டிஎஸ்பி என்று அடித்தால் பட்டியல் வரும்: எண், நிலை, வெளியீடு எந்தக் கோப்பில் போகிறது, வெளியேறும் குறியீடு, எடுத்த நேரம், கட்டளை. காலையில் காபியோடு நான் பார்ப்பது அந்தக் குறியீட்டுப் பத்தியைத்தான். பூஜ்ஜியம் அல்லாத எண் கண்ணில் பட்டால் டிஎஸ்பியோடு ஸ்மால் சி (-c) போட்டு அந்த வேலையின் வெளியீட்டைப் படிப்பேன். அவசரமானதை ஸ்மால் யு (-u) வரிசையின் தலைக்கு நகர்த்தும். ஸ்மால் டி (-d) போட்டால், முந்தைய வேலை ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். பிடிஎஃப்பைப் படங்களாக்குவது, படங்களை எழுத்தாக்குவது, எல்லாவற்றையும் ஜிப் கட்டுவது என்று மூன்றையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறேன். முதலாவது தோற்றால் மற்ற இரண்டும் கிளம்பாது. காலி ஜிப் கோப்பு எனக்கு வந்து சேராது.

இனி இதைப் பயன்படுத்தும் விதம் பற்றி. பக்கத்துக்கு ஒரு வேலை என்று போடாதீர்கள். வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் சர்வரோடு இணைந்த ஒரு கிளையன்ட் பிராசஸ் உயிரோடு உட்கார்ந்திருக்கும். இந்த இணைப்புகளுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டதும் புதிதாகச் சேர்க்கும் கட்டளை திரும்பி வராமல் அப்படியே நிற்கும். ஆகவே புத்தகத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பக்கங்களை, பட்டியலை வாங்கிக் கட்டளைக்கு ஊட்டும் எக்ஸ்ஆர்க்ஸின் கேபிடல் பி (-P) வழியாக நாலு நாலாக ஓட்டலாம். அதோடு டெசராக்ட் ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாகவே பல திரிகளை (த்ரெட்) கிளப்பும். நாலு டெசராக்ட் சேர்ந்தால் நாலு கோருக்குள் அடிதடி. ஓஎம்பி த்ரெட் லிமிட் (OMP_THREAD_LIMIT) என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் அடங்கும். விசிறிச் சத்தம் அப்படியேதான் இருக்கும், ஆனால் புத்தகம் சீக்கிரம் முடியும்.

குறைகளும் உண்டு. வரிசை முழுக்க நினைவகத்தில் இருக்கிறது. கணினியை ரீபூட் செய்தால் காத்திருந்தவை எல்லாம் போயிற்று. சர்வர் முறையாக நிறுத்தப்படும்போது பட்டியலை ஒரு கோப்பில் எழுத ஒரு வசதி இருக்கிறது. திடீரென்று கரண்ட் போய் பேட்டரியும் காலியானால் அது உதவாது. எங்கள் தெருவில் இது கற்பனைக் கவலை அல்ல. பைப்பும் (|) திசைதிருப்பலும் (>) உள்ள கட்டளையை நேராகப் போட்டால் பைப் டிஎஸ்பியின் வெளியீட்டுக்குத்தான் ஒட்டும், வேலைக்கு ஒட்டாது. முழுவதையும் மேற்கோளில் கட்டி 'ஷ் மைனஸ் சி' (sh -c) வழியாகக் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயரில் இடைவெளியும் ஒற்றை மேற்கோளும் சேர்ந்துவிட்டால் மேற்கோளுக்குள் மேற்கோள் என்று கண் கட்டும். நான் இப்போது எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் பெயரைத்தான் வரிசையில் போடுகிறேன்.

எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "ஏர்ஃப்ளோ போட்டுடலாமே சார், அழகா வெப் பக்கம் வரும்" என்றார். எட்டு ஜிபி ராமில் மலையைக் கெல்லி எலி பிடிக்கவா தம்பி என்று கேட்டேன். ஏர்ஃப்ளோ வேலைகளை ஒழுங்குபடுத்தும் பெரிய அமைப்பு. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் க்னூ பேரலல் வேறு விஷயம், அதை நியாயமாக ஒப்பிடலாம். பட்டியல் முன்கூட்டியே கையில் இருந்தால் அதுவே மேல். முடிந்த வேலைகளைக் குறித்துவைக்கும் ஜாப்லாக் வைத்து ஓட்டினால், ரீபூட்டுக்குப் பிறகு ரெஸ்யூம் சொல்லி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டாஸ்க் ஸ்பூலரின் மிகப் பெரிய ஓட்டை அங்கே அடைபடுகிறது. பெர்லில் எழுதியது, கையேடு நீளமோ நீளம். கட்டுரை எழுதினால் எங்களை மேற்கோள் காட்டுங்கள் என்று ஆரம்பத்தில் ஓர் அறிவிப்பு காட்டும். ஒரு முறை ஒப்புக்கொண்டால் நின்றுவிடும். பெரிய தொகுதி வந்தால் எக்ஸ்ஆர்க்ஸை எடுத்துவிட்டு பேரலலை வைத்து, அதை டிஎஸ்பி வரிசையில் போடுகிறேன். இரண்டும் சண்டை போடுவதில்லை.

புதிதாக நிறுவுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளியீட்டுக் கோப்புகளும், சர்வரோடு பேச உதவும் சாக்கெட் கோப்பும் டெம்ப் (/tmp) அடைவில்தான் உட்காரும். டெபியன் 13 இல் அந்த அடைவு ராமிலேயே இருக்கிறது, வெளியீடு பெருத்தால் நினைவகம் கரையும். டெம்ப்டிர் (TMPDIR) மாறியை மாற்றி வேறு இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் சாக்கெட்டும் கூடவே இடம் மாறும். பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் மட்டும் மாற்றினால், நேரம் குறித்து வேலை கிளப்பும் கிரானிலிருந்து போகும் வேலைகள் பழைய இடத்தில் இன்னொரு சர்வரைக் கிளப்பித் தனி வரிசையில் ஓடும். டிஎஸ் சாக்கெட் (TS_SOCKET) மாறியில் முழுப் பாதையையும் எழுதி, பாஷ்ஆர்சி, கிரானின் அட்டவணையான கிரான்டாப் இரண்டிலும் ஒன்றேபோல் வைத்துவிடுங்கள்.