சாக்லேட் சிப்பா, காட்டுப் பச்சையா? பழைய அமெரிக்கச் சிப்பாயை உருவாக்குவது பற்றி

வளைகுடாப் போர்ச் சட்டை எங்கே கிடைக்கும்? பழைய சிப்பாய்களின் உடுப்பைச் சேகரித்து அணிந்து காட்டும் இந்தப் பொழுதுபோக்குக்குள் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். 1991-இல் தொலைக்காட்சியில் பார்த்த படம் மனதில் அப்படியே தங்கியிருக்கிறது: மணல் நிறத் துணி, பழுப்புத் திட்டுகள், அவற்றின் மேல் கூழாங்கல் சிதறியது போல் கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். சாக்லேட் துண்டு பதித்த பிஸ்கட் மாவு மாதிரி இருந்ததால் 'சாக்லேட் சிப்' என்று பெயரும் நிலைத்துவிட்டது.

அழகான சட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து அமெரிக்கச் சிப்பாய் ஒருவரைத் தலை முதல் கால் வரை மறுபடி உருவாக்கி நிறுத்த வேண்டுமென்றால், அங்கிருந்து தொடங்காதீர்கள் என்பேன். நானே அங்கிருந்து தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன். போட்டியில் மூன்று உருவங்கள் இருக்கின்றன: ஒற்றைப் பச்சை, காட்டு உருமறைப்பு, பாலைவன உருமறைப்பு.

ஒற்றைப் பச்சை என்பது ஓ.ஜி.-107. ஆலிவ் பச்சையில் 107-ஆம் சாயல் என்று பொருள். 1952-இல் வந்தது. 1975-க்குப் பிறகு பாலியஸ்டர் கலந்த 507 வந்து சேர்ந்தது. கொரியாவிலிருந்து எண்பதுகள் வரை ஓடிய சட்டை என்பதுதான் இதன் பலம், பலவீனம் இரண்டும். சட்டையை மட்டும் பார்த்தால் எந்த வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ், பெயர்ப்பட்டி எல்லாம் சேர்ந்துதான் காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் 1979 சிப்பாய் 1966-க்குப் போய்விடுவார். வியட்நாம் காலத்தைச் சேகரிப்பவர்களும் இதே துணிக்குத்தான் போட்டி போடுகிறார்கள் என்பதால் நல்ல நிலையில் கிடைத்தால் விலையும் ஏறித்தான் இருக்கும்.

அடுத்தது காட்டு உருமறைப்பு, அதாவது பி.டி.யூ. (பேட்டில் டிரெஸ் யூனிஃபார்ம், போர்க்களச் சீருடை). 1981-இல் வந்தது. பச்சை, பழுப்பு, கருப்பு, மணல் நிறம் என்று நான்கு நிறம். வியட்நாமில் சில பிரிவுகள் அணிந்த இலை வடிவத்தையே 60 சதவீதம் பெரிதாக்கி அச்சடித்தார்கள். பழைய வடிவம் காட்டுக்குள் நெருங்கிய தூரத்துக்குப் பொருந்தியது. புதியது ஐரோப்பாவில் சோவியத் படையைத் தொலைவிலிருந்து எதிர்கொள்வதற்கு. துணி பாதி நைலான், பாதி பருத்தி.

இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த ஓர் இடம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: அமெரிக்கா படையெடுத்த கரீபியத் தீவான கிரெனடா, 1983 அக்டோபர் 25. ரேஞ்சர்கள் என்ற சிறப்புக் காலாட்படையினர் வெறும் 500 அடி உயரத்திலிருந்து பாயின்ட் சலைன்ஸ் விமான ஓடுதளத்தில் பாராசூட்டில் குதித்தார்கள். உடம்பில் ஒற்றைப் பச்சைக் காட்டுச் சீருடை, தலையில் எம்-1 எஃகு ஹெல்மெட். அவர்களுக்குப் பின்னால் வந்து இறங்கிய 82-ஆம் வான்வழிப் படையினர் புத்தம் புதிய பி.டி.யூ., புத்தம் புதிய கெவ்லார் (குண்டுச்சிதறலைத் தாங்கும் செயற்கை நார்) ஹெல்மெட்டுடன் வந்தார்கள். ஒரே வாரம், ஒரே தீவு, ஒரே நாட்டுப் படை. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு போர்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

கிரெனடா உருவத்தில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. முதல் பி.டி.யூ. துணி கனமான ட்வில், அதாவது சாய்கோட்டு நெசவு. கரீபிய வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வெந்துபோனார்கள். அந்தப் புகாருக்குப் பிறகுதான் முழுப் பருத்தியில் மெல்லிய கோடைப் பதிப்பு வந்தது. அதில் ரிப்ஸ்டாப் நெசவு; வெளிச்சத்தில் பிடித்தால் துணி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம் தெரியும். ஆகவே கட்டம் தெரிந்தால் அது கிரெனடா பி.டி.யூ. இல்லை. ஆரம்பக் காலத்துச் சட்டைக்கு வேறு இரண்டு அடையாளமும் உண்டு: யானைக் காது மாதிரி அகலமான காலர், இடுப்பின் இரு பக்கமும் இறுக்கிக்கொள்ளப் பட்டன் வைத்த பட்டைகள். பின்னால் வந்த தயாரிப்புகளில் காலர் சிறுத்தது, பட்டைகளும் போய்விட்டன.

சரி, சாக்லேட் சிப்புக்கு வருவோம். அந்தக் கருப்பு வெள்ளைக் கூழாங்கற்கள் அமெரிக்கத் தென்மேற்கின் கல் பாலைவனத்தைப் பார்த்து வரைந்தவை. சவூதி, குவைத் பக்கம் தட்டையான மணல். கல்லே இல்லாத இடத்தில் கல் வரைந்த சட்டை என்ன மறைக்கும்? போர் முடிந்த கையோடு மூன்று நிறப் பாலைவன வடிவத்துக்கு மாறினார்கள். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷுவில் சண்டையிட்ட ரேஞ்சர்கள் அணிந்திருந்தது அந்த மூன்று நிறச் சட்டையைத்தான். அவர்களை உருவாக்கக் கிளம்பிச் சாக்லேட் சிப் வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் 1991 பாலைவனத்தில் நின்றவர்களில் எத்தனையோ பேர் சாக்லேட் சிப்பே அணியவில்லை. ஜெர்மனியிலிருந்து கிளம்பிய ஏழாவது கோர் என்ற பெரும் படைத்தொகுதியினர் பலர் ஐரோப்பியக் காட்டுக்கென்று தைத்த பச்சை பி.டி.யூ.விலேயே வந்து இறங்கினார்கள், ஏனென்றால் பாலைவனச் சட்டை எல்லோருக்கும் போதவில்லை. கிடைத்தவர்களுக்கும் அதன் மேல் போட்ட குண்டுச்சிதறல் தடுப்பு வெஸ்ட் பச்சைதான். பூட்ஸ் பலருக்குக் கருப்பு. பிப்ரவரி 24 தரைப்போர் தொடங்கியபோது ரசாயனத் தாக்குதலுக்கு அஞ்சிப் பலரும் எல்லாவற்றின் மேலும் கரி பூசிய தடித்த பாதுகாப்பு உடுப்பை மாட்டியிருந்தார்கள். அதுவும் காட்டு உருமறைப்பு! உள்ளே இருக்கும் கரி தோலில் ஒட்டிக் கருப்பாக்கிவிடும்.

தலை முதல் கால் வரை கச்சிதமாகப் பாலைவன நிறத்தில் நிற்கும் உருவத்தைவிடப் பாதி பச்சை பாதி மணலாக நிற்கும் உருவமே அந்த வருடத்துக்கு நெருக்கம் என்பது இதனால்தான். செலவும் குறைவு. என் ஓட்டு காட்டுப் பச்சைக்கு. அதே வகைச் சட்டையை லேபிள் வருடம் பார்த்து வாங்கி, மேல் சாமான்களை மாற்றினால் 1983 கிரெனடா, 1989 பனாமா, 1991 ஈராக் எல்லை என்று மூன்று இடத்துக்குப் போகலாம்.

ஹெல்மெட்டில் தேர்வு எளிது, ஏனென்றால் வருடமே தீர்மானித்துவிடும். எம்-1 என்பது 1941-இல் வந்த எஃகுச் சட்டி. உள்ளே தனி லைனர். சட்டியைக் கழற்றித் தண்ணீர் பிடித்து முகம் மழித்தவர்கள் ஏராளம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஐரோப்பிய நாடுகள் பல இதே வடிவத்தில் தங்களுக்கென்று செய்துகொண்டன, அவை அமெரிக்கச் சட்டி என்று விற்கப்படுகின்றன. எம்-1-க்குப் பின் வந்தது பாஸ்கெட் (PASGT) என்ற ஹெல்மெட், கெவ்லார் அடுக்குகளை அழுத்திச் செய்தது. காதையும் பிடரியையும் மூடும் அதன் சாய்வைப் பார்த்து ஜெர்மன் ஹெல்மெட் போல இருக்கிறது என்று 'ஃப்ரிட்ஸ்' என்ற பட்டப்பெயரும் வந்தது. சந்தையில் பிளாஸ்டிக் நகல்கள் நிறைய. கையில் எடுத்தாலே தெரியும்: அசல் ஒன்றரைக் கிலோ பக்கம் இருக்கும், நகல் சாப்பாட்டுக் கூடை மாதிரி பறக்கும். விரல் கணுவால் தட்டினால் அசல் மொத்தென்று சத்தமின்றி நிற்கும், நகல் டொக்கென்று பேசும். சிலவற்றின் உள்ளே 'யுனிகோர்' என்ற முத்திரை இருக்கும். அது அமெரிக்கக் கூட்டரசுச் சிறைகளின் தொழில் பிரிவு. கைதி செய்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சிப்பாய் போருக்குப் போயிருக்கிறார்.

ஹெல்மெட்டைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் பட்டை வரும். பின்பக்கம் அதில் இருட்டில் ஒளிரும் இரண்டு சிறு துண்டுகள், பூனைக் கண் என்பார்கள். இரவு நடையில் பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரைத் தவறவிடாமலிருக்க. பலர் இதை அலங்காரம் என்று நினைத்து முன்பக்கம் மாட்டிவிடுகிறார்கள்.

இடுப்பில் மாட்டும் சாமான்களில் அசலா நகலா என்ற கேள்விக்கே இடமில்லை. 1973-இல் ஏற்கப்பட்ட ஆலிஸ் என்ற நைலான் தொகுதி இந்த மூன்று உருவத்துக்கும் பொருந்தும், அசலே இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. பெல்ட், தோளில் ஒய் வடிவப் பட்டை, இரண்டு மேகசின் பை, தண்ணீர்க் குடுவை. (அவர்கள் அதைக் கேன்டீன் என்பார்கள், நமக்கு டீயும் வடையும்தான் நினைவுக்கு வரும்.) ஒரு பைக்கு 30 தோட்டா மேகசின் மூன்று, துப்பாக்கியில் ஒன்று. ஆக மொத்தம் 7 மேகசின், 210 தோட்டா. மேகசின் பைக்குள் அட்டையோ தெர்மாகோலோ வெட்டி அடைத்தாவது வையுங்கள். காலிப் பை தொங்கினால் எந்த வீரரும் பார்த்தவுடன் சிரித்துவிடுவார். தொங்கும் பட்டை நுனிகளை மடித்துப் பச்சை டேப் சுற்றுங்கள். மணிக்கு 100 மைல் டேப் என்று அவர்கள் செல்லமாகச் சொன்ன அந்த டேப், ஓடும்போது பட்டைகள் ஆடிச் சத்தம் போடாமல் காத்தது. கடையில் வாங்கிய சாமானைச் சிப்பாயின் சாமானாக மாற்றுவது இந்த மாதிரி இரண்டு ரூபாய் வேலைகள்தான்.

அசல், நகல் தகராறு சட்டையில்தான் உண்மையாக வரும். நான் முதலில் வாங்கிய சாக்லேட் சிப் சட்டை, வளைகுடாப் போர் அசல் என்று சொல்லி இணையத்தில் ஒருவர் விற்றது. வந்து பிரித்தால் கழுத்துக்குக் கீழே லேபிள் இருந்த இடத்தில் நான்கு நூல் மட்டும். அசல்தானா என்று இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. 2003-க்குப் பிறகு புதிய ஈராக் படைக்கே இந்தச் சட்டைகளைக் கொடுத்தார்கள். அதனால் அசலாகவே இருந்தாலும் அது யார் தோளில் இருந்தது என்பது இன்னொரு கதை.

அன்றிலிருந்து நான் சட்டையைப் பார்ப்பதில்லை, லேபிளைத்தான் பார்க்கிறேன். சட்டை என்றே அதில் இருக்காது. 'கோட்' என்று தொடங்கி, காற்புள்ளி வைத்து, மற்ற விவரங்கள் பின்னால் வரும். 8415 என்று ஆரம்பிக்கும் 13 இலக்கச் சரக்கு எண். அதோடு ஒப்பந்த எண்: டி.எல்.ஏ.100 (டி.எல்.ஏ. என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் தளவாட முகமையின் சுருக்கம்), அடுத்து 83 அல்லது 87 என்று இரண்டு இலக்கம். அந்த இரண்டு இலக்கம்தான் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. 1977-க்கு முந்தியது என்றால் டி.எல்.ஏ. இருக்காது, அதன் பழைய பெயரான டி.எஸ்.ஏ. இருக்கும். ஒப்பந்தம் போட்டுத் துணி வெட்டித் தைத்துக் கிடங்குக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும் என்பதால், கிரெனடாவுக்கு 81, 82 தேடுங்கள். 85 போட்ட சட்டையில் 1983-இல் இறங்க முடியாது. ஒப்பந்த எண்ணே இல்லாமல் கம்பெனி பெயர் மட்டும் பெரிதாக இருந்தால் அது கடைக்காகத் தைத்தது. அதில் பாலியஸ்டர் மினுமினுப்பும் இருக்கும்.

நகலே வேண்டாமா என்றால், வேண்டும். அசல் அளவுகள் அன்றைய இருபது வயதுப் பையன்களுக்குத் தைத்தவை. நம் தொப்பைக்கு மீடியம்-ரெகுலர் ஏறாது. நாள் முழுக்க வெயிலில் நின்று வியர்க்கப் போகிறீர்கள் என்றால் நகலை அணிந்து, அசலை மேஜையில் வைத்துக் காட்டுங்கள். இன்னொன்று: முகாம் சிப்பாய் என்றால் கஞ்சி போட்டு மொறமொறவென்று இஸ்திரி செய்த பி.டி.யூ. பொருத்தம்தான், இரவுப் பார்வைக் கருவிக்குத் தெரியாமலிருக்கத் துணியில் செய்த அகச்சிவப்பு மறைப்பைக் கஞ்சி கெடுக்கும் என்று தெரிந்தும் அப்படித்தான் செய்தார்கள். களத்தில் நிற்பவருக்குக் கசங்கல்தான் சரி.

ஒட்டுகளில்தான் உண்மையான சங்கடம். வலது தோளில் படைப்பிரிவு ஒட்டு வைத்தால், அந்தப் பிரிவோடு போர்க்களம் கண்டவர் என்று பொருள். 1983-இல் இருபது வயதுச் சிப்பாய்க்கு அது எங்கிருந்து வரும்? வியட்நாம் போன மூத்த சார்ஜெண்டுக்குத்தான் இருக்கும். பதக்கப் பட்டைகளைத் தொடவே வேண்டாம். பெறாத சில பதக்கங்களைப் பெற்றதாகச் சொல்லி ஆதாயம் தேடினால் 2013-இன் சட்டப்படி அங்கே குற்றம். ஆதாயம் தேடாமல் விளையாட்டுக்குக் குத்திக்கொண்டாலும், எதிரில் நிற்கும் வீரரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். மே கடைசித் திங்களன்று வரும் நினைவு நாள் இறந்தவர்களுக்கானது; அன்று நான் அணிவதே இல்லை, பொம்மைக்கு மாட்டி நிறுத்துகிறேன்.

பெயர்ப்பட்டிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். உங்கள் பெயரிலேயே ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டையில் வேறொருவர் பெயர் இருந்தால் பிரிக்காதீர்கள், அதை அணியவும் வேண்டாம். என்னிடம் 87 ஒப்பந்தத்து பி.டி.யூ. ஒன்று இருக்கிறது. படையை விட்டு வரும்போது அந்த மனிதரே பட்டியைப் பிரித்துவிட்டார் போலிருக்கிறது. வலது மார்புப் பைக்கு மேலே நீள்சதுரமாக ஓரிடம் மட்டும் வெளிறாமல் கரும்பச்சையாக நிற்கிறது, சுற்றிலும் ஊசித் துளைகள். அதன் மேல் இன்னும் எதுவும் தைக்கவில்லை.