பத்து அங்குல நெட்புக்கும் ஒரு ழகரமும்

2010இல் பதினாறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய 10.1 அங்குல நெட்புக், அதாவது குட்டி லேப்டாப், இன்னும் ஓடுகிறது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு நெட்புக் என்றாலே உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான்: ஆட்டம் என்450 ப்ராசசர், 1 ஜிபி ரேம், 1.25 கிலோ எடை. 2007இல் ஆசூஸ் ஈ பிசி 701 வந்தபோதே ஆசை இருந்தது, ஆனால் 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு என்றதும் அடங்கிவிட்டேன்.

இதன் அருமை நெல்லை எக்ஸ்பிரஸ் அப்பர் பெர்த்தில் தெரியும். அங்கே நிமிர்ந்து உட்கார முடியாது, குப்புறப் படுத்து, பையை அண்டக்கொடுத்து அடித்தால் திரை எங்கும் இடிக்காமல் முழுசாகத் திறக்கும். தூக்கம் வந்தால் மூடிக் கால்மாட்டில் தள்ளிவிடலாம். அலுவலக லேப்டாப் என்றால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்க வேண்டும்.

குறை கீபோர்டுதான். இடத்தை மிச்சம் பிடிக்க வலது ஓர விசைகளை ஒல்லியாக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அங்கே வெறும் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் சாய்கோடும்தான், தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அடிக்கும் எனக்கோ ச, ஞ, ய, ழ எல்லாம் அந்தச் சந்துக்குள். போதாததற்கு ழ பக்கத்திலேயே மேல் அம்புக்குறி. ‘தமிழ்’ என்று அடிக்கப் போனால் ‘தமி’ இங்கே நிற்கும், கர்சர் மேல் வரிக்குத் தாவி அங்கே யாரோ ஒரு எழுத்தின் தலையில் புள்ளி வைக்கும். பழக இரண்டு மாதமாயிற்று.

திரை 1024×600 பிக்சல்தான், உயரம் போதாது. சில உரையாடல் பெட்டிகளின் ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும், லினக்ஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மவுஸால் மேலே இழுக்க வேண்டும்.

ரேமை 2 ஜிபி ஆக்கினேன், அதற்குமேல் ஏற்காது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு டெபியன் என்ற லினக்ஸை ஏற்றியதும் மறுபிறவி. நல்லவேளை என்450 64 பிட். 32 பிட் என்270 ப்ராசசர் வைத்திருக்கும் நண்பர் பாவம், டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. டூப்ளிகேட் பேட்டரி ஒன்று எட்டே மாதத்தில் செத்தது, அது என் கஞ்சத்தனத்துக்குக் கூலி. பிரவுசரில் மூன்றாவது டேப் திறந்தால் எழுந்துபோய் டீ போட்டு வரலாம், அதனாலேயே கட்டுரைகள் முடிகின்றன என்பது வேறு.

அப்புறம் ஒன்று, இப்போதெல்லாம் பெரிய கீபோர்டில் ழ அடிக்கும்போதும் விரல் ஒரு நொடி தயங்கித்தான் இறங்குகிறது.