1897 பென்னியில் ஒரு புள்ளி: என் 340 பவுண்டு போன கதை

நேற்று மாலை வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள். பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது மோசடி அல்ல, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான தனிப்பட்ட தகராறு என்று மூன்று வரியில் ஒரு கடிதம். ஒரு பழைய பென்னி நாணயத்துக்காக நான் இழந்தது 340 பவுண்டு. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதே விற்பனையாளர் இன்று காலை மற்றொரு 'பிழை பென்னி'யை விற்பனைக்கு ஏற்றியிருக்கிறார். பழைய பிரிட்டிஷ் பென்னிகளைச் சேர்ப்பவர்கள் தப்பித்துக்கொள்வது எப்படி என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கு வந்த இரண்டாம் ஆண்டு, காரின் பின்பெட்டியில் பழைய சாமான்களை வைத்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தை ஒன்றில் ஒரு பை நிறையக் கறுத்த பென்னிகளை வாங்கியதில் தொடங்கிய பித்து இது. அரிய ஆண்டுகளைத் தேடி ஓடும் வசதி எனக்கில்லை. ஏழு எட்டு மட்டுமே இருப்பதாகச் சொல்லப்படும் 1933ஆம் ஆண்டுப் பென்னியைக் கனவில்தான் பார்க்க முடியும். ஆகவே நாணயச்சாலை தவறவிட்ட பிழைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். முந்தைய நாணயம் அதை அடிக்கும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால், அடுத்து வந்த வெற்று உலோக வில்லையில் அதன் உருவம் குழியாகவும் இடவலம் மாறியும் பதிந்தவை, விரிசல் விட்ட அச்சின் கோடு எழுத்துகளுக்குக் குறுக்கே மேடாக ஓடுபவை, 1946இல் 'ஒன்' (ONE) என்ற சொல்லின் கடைசி எழுத்தை ஒட்டி ஒற்றை மேற்கோள்குறிபோல் ஒரு பிசிறு எழுந்தவை என்று என் தட்டுகளில் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று: 1897ஆம் ஆண்டின் புள்ளிப் பென்னி.

அந்த ஆண்டில் அடித்த பென்னிகள் இரண்டு கோடிக்கும் மேல். ஒரு பக்கம் சிற்பி தாமஸ் பிராக் வடித்த, முக்காடிட்ட முதிய விக்டோரியா. மறுபக்கம் திரிசூலம் ஏந்தி அமர்ந்த, பிரிட்டனைப் பெண்ணாக உருவகிக்கும் பிரிட்டானியா, அவளுக்கு இடப்புறம் 'ஒன்', வலப்புறம் 'பென்னி' என்ற சொற்கள். சாதாரணமாகத் தேய்ந்த ஒன்றைச் சில பவுண்டுகளுக்கு வாங்கிவிடலாம். ஆனால் மிகச் சில நாணயங்களில் மட்டும் 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளுக்கு நடுவே குண்டூசித் தலையளவு ஒரு புள்ளி மேடாக நிற்கும். அச்சில் பள்ளம் விழுந்தால் நாணயத்தில் மேடு எழும். அவ்வளவுதான் அதன் ரகசியம். அந்த மேட்டுக்குத்தான் நூற்றுக்கணக்கான பவுண்டு விலை.

பழம்பொருள்களை ஏலத்திலும் நேரடியாகவும் விற்கும் ஓர் இணையதளத்தில் சென்ற மாதம் அது கண்ணில் பட்டது. விலை 365 பவுண்டு. நான் கேள்வி அனுப்பிய அரை மணி நேரத்தில் விற்பனையாளரிடமிருந்து பதில் வந்தது. நான் கேட்காமலேயே, பிரிட்டானியாவின் கேடயத்தில் ஒரு கீறல் இருக்கிறது, படத்தில் சரியாகத் தெரியவில்லை, பிறகு குறை சொல்லக்கூடாது பாருங்கள் என்று அந்தக் கீறலை மட்டும் தனியாகப் படமெடுத்து அனுப்பினார். நான் விழுந்த இடம் அதுதான். சின்னக் குறையைத் தானாகவே சொல்பவர் பெரிய பொய்யைச் சொல்லமாட்டார் என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. அடுத்த நாள் தொலைபேசியில் பேசினார். காலமான தந்தையின் சேகரிப்பைப் பிரித்து விற்பதாகவும், சரியான கைக்குப் போனால் போதும் என்றும் நிதானமான குரலில் சொன்னார். தளத்துக்குக் கட்டணம் அழுவானேன், நேரடியாக என் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 340க்குத் தந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது, 25 பவுண்டு மிச்சம் என்று மகிழ்ந்த முட்டாள் நானேதான். அந்தப் பென்னி அடித்த காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 340 பவுண்டு என்றால் 81,600 பென்னி, எடை போட்டால் முக்கால் டன்னுக்கும் மேல். அத்தனையையும் ஒரு விரல் அழுத்தத்தில் அனுப்பிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நாணயம் வந்தது. தராசில் 9.4 கிராம் காட்டியது. புதிதாக அடித்ததன் எடை 9.45 கிராம் என்பதால் தேய்மானத்துக்கு அது சரியே. விட்டம் 30.8 மில்லிமீட்டர், அதுவும் சரி. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் புள்ளியைப் பார்த்தேன், இருந்தது. சுற்றியிருந்த வெண்கலத்தின் அதே பழுப்பு நிறத்தில் உருண்டையாக, அழகாக இருந்தது. அது கொஞ்சம் அதிக அழகாக இருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. எந்த நாணயம் வந்தாலும், தட்டில் வைக்குமுன் பழைய எண்ணெயும் நெகிழி உறையின் பிசுக்கும் போகச் சுத்த அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைப்பது என் வழக்கம். அது வெண்கலத்தை ஒன்றும் செய்யாது. அன்றிரவும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது புள்ளியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று தெரிந்தது. பல் குத்தும் குச்சியின் நுனியால் மெதுவாகத் தொட்டேன். புள்ளி நசுங்கியது. இன்னொரு முறை தொட்டதும் குச்சியோடு பிசின்போல் இழுபட்டு வந்துவிட்டது. வெண்கலப் பொடி கலந்த சூப்பர் குளூ. அது இருந்த இடத்தில் சமதளமான, பழுதில்லாத பழைய உலோகம் மட்டும் இருந்தது. நாணயம் அசல்தான், 1897தான். நான் 340 பவுண்டு கொடுத்தது அந்தப் பசைத்துளிக்கு.

இதற்குப் பிறகு நடந்தவைதான் இன்னும் எரிச்சலூட்டுகின்றன. முதல் மின்னஞ்சலுக்கு மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வந்த பதிலில் தொலைபேசியில் கேட்ட அந்த நிதானம் இல்லை: "அரிய நாணயத்தை இரசாயனத்தில் போட்டுக் கெடுத்துவிட்டு என்னிடம் பணம் கேட்கிறீர்களா? நான் அனுப்பியபோது புள்ளி இருந்தது, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. மோசடியைக் கண்டுபிடித்த கையாலேயே அதன் சாட்சியத்தையும் அழித்துவிட்டேன். குச்சியில் ஒட்டிய பிசினைப் படமெடுத்து அனுப்பினேன். அது எந்தப் பசையும் ஆகலாம் என்று எழுதிவிட்டு, என் முகவரியையே தடுத்துவிட்டார்.

இணையதளத்தின் உதவிப் பிரிவில் முதலில் பேசிய பெண் மிகவும் வருந்தினார். கொள்முதல் எண் கேட்டார். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பியதால் கொள்முதல் எண் என்ற ஒன்றே இல்லை. கொள்முதல் எண் இல்லாத புகாரைப் பதிவு செய்ய இயலாது என்றார். இரண்டாம் முறை அழைத்தபோது வேறொருவர், தளத்துக்கு வெளியே பணம் செலுத்துவது எங்கள் விதிகளுக்கு முரணானது என்று என்னையே எச்சரித்தார். அந்த விற்பனையாளரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தரங்கக் காரணங்களால் சொல்ல முடியாது என்றார். பிறகு வங்கி, அதைத்தான் தொடக்கத்திலேயே சொன்னேன். மூன்று வாரம், பதினொரு மின்னஞ்சல், திரும்பி வராத 340 பவுண்டு.

விரிவாகச் சொல்கிறேன் என்று வாக்களித்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் ஏறுகிறது, ஆகவே தோன்றியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தளத்துக்கு வெளியே ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். நூறு பவுண்டுக்கு மேல் விலை என்றால் கடன் அட்டையில் கொடுங்கள். விற்பவருக்கே அட்டையில் செலுத்தியிருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தைக் காட்டி அட்டை நிறுவனத்திடம் கேட்க வழியுண்டு, வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தச் சட்டம் உதவாது. உறையைப் பிரிப்பது முதல் எல்லாவற்றையும் நிறுத்தாமல் காணொளியாக எடுங்கள். அசிட்டோனில் போடுவதானால் அதையும் கேமராவுக்கு முன்னால் போடுங்கள். ஒரு பக்கம் உருவம் குழிந்த நாணயத்தைக் காட்டினால், அந்தக் குழிக்கு அடியில் பழைய பிரிட்டானியாவின் மிச்சம் தெரிகிறதா, மறுபக்கம் தட்டையாக நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டு நாணயங்களைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெரித்தால் அப்படித்தான் வரும்.

இன்று காலை அவர் ஏற்றியிருப்பது 1946. 'ஒன்' என்பதன் அருகே பிசிறு இருக்கிறதாம். கூடவே, விளிம்பில் சின்ன அடிபட்ட தடம் ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.